நேரம் குறித்த குறுநிரல்களின் வலையமைப்புப் பழுது நீக்கம்

நேரம் குறித்த குறுநிரல் என்பது, எவரும் கணினியின் முன் அமர்ந்து கட்டளை இடாமலேயே, முன்கூட்டிக் குறித்த நேரத்தில் தானாக இயங்கும் சிறு நிரல் ஆகும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களைக் கொண்ட வழங்கிகளில் இப்பணியைப் பெரும்பாலும் கிரான் என்னும் பின்னணி நிரல் மேற்கொள்கிறது. காப்புநகலை வேறொரு கணினிக்கு அனுப்புதல், இணையதளம் ஒன்றிலிருந்து தரவுகளை இறக்குதல், பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்தல் போன்ற பணிகளுக்கு வலையமைப்பு இணைப்பு தேவைப்படுகிறது.

கையால் இயக்கும்போது பிழையின்றி இயங்கும் ஒரு குறுநிரல், கிரான் வழியாக இயங்கும்போது தோல்வியுறுவது வழங்கி நிர்வாகத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் பழுதாகும். இதற்கு அடிப்படைக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கிரான் குறுநிரலை இயக்கும் சூழல், பயனர் புகுபதிகை செய்து பணியாற்றும் சூழலிலிருந்து வேறுபட்டது. இரண்டாவது, தோல்வி நிகழும் நேரத்தில் அதைக் காணத் திரையின் முன் எவரும் இருப்பதில்லை. ஆகவே இத்தகைய பழுதுகள் பல நாட்கள், சில வேளைகளில் பல மாதங்கள் கூட வெளியே தெரியாமல் இருந்துவிடுகின்றன.

வரலாறு

கிரான் 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் 7ஆம் பதிப்பில் இடம்பெற்றிருந்தது. காலம் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறப்படுகிறது. அப்பதிப்பில் கணினி முழுமைக்கும் ஒரே ஒரு நேர அட்டவணைக் கோப்பு மட்டுமே இருந்தது. பின்னர் சிஸ்டம் 5 பதிப்பில் ஒவ்வொரு பயனரும் தமக்கெனத் தனி அட்டவணை வைத்துக்கொள்ளும் வசதி ஏற்பட்டது. 1987இல் பால் விக்சி எழுதிய கிரான் லினக்ஸ் வழங்கல்களில் பரவலாகப் பயன்பட்டது. அதிலிருந்து கிளைத்த குரோனி என்னும் பதிப்பை ரெட் ஹேட் நிறுவனம் 2007இல் உருவாக்கியது.

தமிழகத்தின் சிறு நகரங்களில் நேரம் குறித்த தரவிறக்கம் 2000களின் பிற்பகுதியில் வழக்கத்திற்கு வந்ததற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. பிஎஸ்என்எல் நிறுவனத்தின் அகலப்பட்டைத் திட்டங்கள் சிலவற்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்கப்படும் தரவு கட்டணக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பெரிய கோப்புகளை அந்நேரத்தில் இறக்குமாறு கிரானில் குறித்துவிட்டு உறங்கச் செல்வது பயனர் பலருக்கு இயல்பாயிற்று. காலையில் எழுந்து பார்க்கும்போது கோப்பு இல்லாதிருப்பதும் அக்காலத்து அனுபவங்களுள் ஒன்றே.

கிரான் இயங்கும் முறை

கிரான் நிமிடத்திற்கு ஒருமுறை விழித்தெழுந்து, கிரான்டேப் எனப்படும் அட்டவணைக் கோப்பைப் பார்த்து, அந்நிமிடத்திற்கு உரிய பணி இருப்பின் அதனை இயக்குகிறது. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஐந்து நேரப் புலங்களையும் அவற்றைத் தொடர்ந்து ஒரு கட்டளையையும் கொண்டது. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என்பன அப்புலங்களாகும். எடுத்துக்காட்டாக, 30 9 * * * என்பது நாள்தோறும் காலை 9.30 மணியைக் குறிக்கும்.

பயனர் புகுபதிகை செய்யும்போது இயங்கும் தொடக்கக் கோப்புகளைக் கிரான் பொதுவாகப் படிப்பதில்லை. ஷெல், இல்ல அடைவு, பயனர் பெயர், மிகச் சுருக்கமான பாத் மாறி ஆகியவற்றை மட்டுமே அது பணிக்கு அளிக்கிறது. பணி அச்சிடும் வெளியீட்டை உரிய பயனருக்கு மின்னஞ்சலாக அனுப்ப முயல்கிறது. வழங்கியில் அஞ்சல் அனுப்பும் நிரல் நிறுவப்படாதிருந்தால் அவ்வெளியீடு கைவிடப்படுகிறது. பிழைச்செய்தி உருவாகியும் எவர் கண்ணிலும் படாமல் மறைவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

எடுத்துக்காட்டுச் சூழல்: விழுப்புரமும் திண்டிவனமும்

விழுப்புரம், மாவட்டத் தலைநகரம். திண்டிவனம், அதிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 40 கி.மீ. வடகிழக்கே சென்னை நெடுஞ்சாலையில் அமைந்த நகரம். இவ்விரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. மாணவர்களிடையே கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் குனூ/லினக்ஸ் பயனர் குழு ஒன்றும் விழுப்புரத்தில் இயங்கி வருகிறது. ஆகவே, லினக்ஸ் வழங்கி ஒன்றை முதன்முறையாக நிர்வகிக்கும் மாணவர் இவ்வட்டாரத்தில் அரியவர் அல்லர்.

இனி வரும் விளக்கங்களுக்குப் பின்வரும் சூழலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திண்டிவனத்தில் உள்ள ஒரு கணினி, வட்டார மழையளவு வெளியாகும் இணையப் பக்கம் ஒன்றை நாள்தோறும் காலையில் இறக்கிச் சேமிக்க வேண்டும். பின்னர் அக்கோப்பின் நகலை விழுப்புரத்தில் உள்ள மற்றொரு கணினிக்கு அனுப்ப வேண்டும். அப்பக்கம் அன்றைய அளவை மட்டுமே காட்டும். மறுநாள் பழைய எண்கள் அழிந்து புதியவை இடம்பெறும். எனவே ஒருநாள் தவறினால் அந்நாளின் தரவை அப்பக்கத்திலிருந்து மீண்டும் பெற இயலாது.

இந்த இழப்பின் பொருளை ஒரு நிகழ்வு உணர்த்தும். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின, மின்சாரம் தடைப்பட்டது. தரவு மிகவும் தேவைப்படும் நாளும், இணைப்பு அறுந்துபோக மிகுதியும் வாய்ப்புள்ள நாளும் ஒன்றே என்பது இதனால் விளங்கும். வெயில் நாளில் மட்டும் சோதித்துப் பார்த்த குறுநிரல் இத்தகைய நாளுக்குப் போதுமானதன்று.

பழுதுக்கான காரணங்கள்

சூழல் மாறிகள் இன்மை

பாத் மாறி சுருக்கமாக இருப்பதால், உள்ளூர் அடைவுகளில் நிறுவப்பட்ட நிரல்களைக் கிரான் கண்டுபிடிப்பதில்லை. கட்டளை காணப்படவில்லை என்னும் பிழைச்செய்தி இதன் அடையாளம். கட்டளைகளின் முழுப் பாதையை எழுதுவது இதற்கு எளிய தீர்வாகும். மேலும் டெபியன், உபுண்டு ஆகியவற்றில் கிரான் இயல்பிருப்பாகப் பயன்படுத்துவது பாஷ் அன்று, டாஷ் என்னும் சிறிய ஷெல் ஆகும். பாஷுக்கே உரிய தொடரமைப்புகள் அதில் இயங்கமாட்டா.

கோப்பின் பெயரில் தேதியைச் சேர்க்க அட்டவணை வரியிலேயே சதவீதக் குறியைப் பயன்படுத்துவது மற்றொரு தவறு. கிரான்டேப்பில் சதவீதக் குறி புதுவரியாகக் கொள்ளப்படுவதால் கட்டளை பாதியில் துண்டிக்கப்படுகிறது. குறிக்கு முன் பின்சாய்கோடு இட வேண்டும். அல்லது தேதியைக் குறுநிரலுக்குள்ளேயே கணக்கிட வேண்டும்.

பதிலி வழங்கி

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இணைப்பு பெரும்பாலும் ப்ராக்சி எனப்படும் பதிலி வழங்கியின் வழியே கிடைக்கிறது. அதன் முகவரி பயனரின் தொடக்கக் கோப்பில் சூழல் மாறியாக எழுதப்பட்டிருக்கும். கிரான் அக்கோப்பைப் படிக்காததால் குறுநிரல் நேரடியாக இணையத்தை அணுக முயன்று, தீச்சுவரால் தடுக்கப்படுகிறது. கையால் இயக்கினால் வெற்றி, கிரானில் தோல்வி என்னும் நிலைக்குக் கல்வி நிறுவனங்களில் இதுவே அடிக்கடி காணப்படும் காரணம். பதிலி முகவரியைக் குறுநிரலின் தொடக்கத்திலோ கிரான்டேப்பின் தலைப்பகுதியிலோ எழுதினால் பழுது நீங்கும்.

புகுபதிகைப் பக்கம்

சில வலையமைப்புகளில் உலாவி வழியாகப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அளித்த பின்னரே இணைப்பு திறக்கும். சில மணி நேரத்தில் அது காலாவதியாகும். அதன்பின் கிரான் வழியாக இயங்கும் குறுநிரலுக்கு, மழையளவுப் பக்கத்திற்குப் பதிலாகப் புகுபதிகைப் பக்கமே கிடைக்கக்கூடும். தரவிறக்கம் வெற்றி என்றே பதிவாகும், கோப்பும் உருவாகும், உள்ளே மட்டும் தரவு இராது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால் இது மிகவும் ஏமாற்றக்கூடிய பழுதாகும். கோப்பின் அளவையும், அதில் எதிர்பார்க்கும் ஒரு சொல் இருக்கிறதா என்பதையும் குறுநிரலே சரிபார்க்க வேண்டும்.

களப்பெயர்த் தீர்வு

களப்பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வழங்கி கிடைக்காதபோது இணைப்பு தொடங்குவதே இல்லை. பயனர் தனியார் மெய்நிகர் வலையமைப்பில் இணைந்திருக்கும்போது மட்டும் புலப்படும் களப்பெயர்களைக் குறுநிரல் பயன்படுத்துவதும் இவ்வகையில் அடங்கும். பயனர் விடைபெற்றவுடன் அவ்விணைப்பு அறுந்து, பெயரும் மறைகிறது.

எஸ்எஸ்ஹெச் திறவுகோல்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குக் கோப்பை அனுப்ப ஆர்சிங்க் நிரலை எஸ்எஸ்ஹெச் நெறிமுறையுடன் பயன்படுத்தலாம். கடவுத்தொடர் இட்ட திறவுகோலை முகவர் நிரல் நினைவில் வைத்திருப்பதால், பகலில் பயனருக்கு இடையூறு இராது. கிரானுக்கு அம்முகவருடன் தொடர்பு இல்லை. கடவுத்தொடரைத் தட்டச்சு செய்யவும் ஆள் இல்லை. இதற்கெனத் தனித் திறவுகோல் ஒன்றை உருவாக்கி, மறுமுனையில் அதற்கு ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் உரிமை அளிப்பது பாதுகாப்பான வழி.

குறுநிரலை ரூட் பயனரின் பெயரில் அட்டவணைப்படுத்தினால், வேறொரு பயனர் முன்பு ஏற்றுக்கொண்ட மறுமுனை அடையாளம் ரூட்டின் கோப்பில் இராது. இணையலாமா என எஸ்எஸ்ஹெச் கேட்க வழியின்றி இணைப்பு முறிகிறது. எந்தப் பயனரின் பெயரில் பணி இயங்குமோ, அதே பயனராக ஒருமுறை கையால் இணைந்து பார்ப்பது இதற்குத் தீர்வாகும்.

வலையமைப்புக்கு முந்தித் தொடங்குதல்

மின்சாரம் மீண்டு கணினி தொடங்கும்போது ஒருமுறை இயங்குமாறும் பணியைக் குறிக்கலாம். ஆனால் கிரான் தொடங்கும் நொடியில் வலையமைப்பு ஆயத்தமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கணினிக்கும் மோடத்திற்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் வரும் இடங்களில், மோடம் இணைப்பைப் பெற மேலும் சில நிமிடங்கள் ஆகலாம். எனவே உடனே ஒருமுறை முயன்று விட்டுவிடாமல், இடைவெளி விட்டுப் பலமுறை முயலுமாறு எழுத வேண்டும்.

நேர வலயம்

முகில் சேவைகளில் வாடகைக்குப் பெறும் வழங்கிகள் பெரும்பாலும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னதாக உள்ளது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒருநாள் மழையளவை முந்தைய நாள் காலை 8.30 முதல் அந்நாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது. இந்நேரம் அனைத்துலக நேரப்படி சரியாக 3.00 மணி ஆகும். அத்தகைய வழங்கியில் காலை 9.30 எனக் குறித்த பணி இந்திய நேரம் பிற்பகல் 3.00 மணிக்கே இயங்கும். இந்தியக் காலை 9.30க்கு இயங்க வேண்டுமெனில் 0 4 * * * என எழுத வேண்டும். வழங்கியின் நேர வலயத்தையே மாற்றினால், அதன்பின் கிரானை மறுதொடக்கம் செய்வது அவசியம்.

சான்றிதழும் கணினிக் கடிகாரமும்

பாதுகாப்பான இணைப்பில் மறுமுனையின் சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் சரிபார்க்கப்படுகிறது. தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்த பழைய கணினி, மின்தடைக்குப் பின் பல ஆண்டுகள் பின்தங்கிய தேதியுடன் எழக்கூடும். அப்போது நல்ல சான்றிதழும் இன்னும் தொடங்காத ஒன்றாகத் தோன்றி நிராகரிக்கப்படும். வலையமைப்பு நேர நெறிமுறை மூலம் கடிகாரம் திருத்தப்படும் வரை இப்பழுது தொடரும்.

இதற்கு மறுதலையான பழுதும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்குப் பழைய மென்பொருள்கள் ஆதாரமாகக் கொண்டிருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. நெடுங்காலம் இற்றைப்படுத்தப்படாத வழங்கிகளில், எந்த மாற்றமும் செய்யப்படாத குறுநிரல்கள் அன்று முதல் தோல்வியுறத் தொடங்கின.

காலக்கெடு இன்மை

மறுமுனை விடையளிக்காமல் இணைப்பை மட்டும் திறந்து வைத்திருந்தால், காலக்கெடு விதிக்கப்படாத குறுநிரல் முடிவின்றிக் காத்திருக்கும். மறுநாள் கிரான் இன்னொரு படியைத் தொடங்கும்; அதுவும் காத்திருக்கும். நாளடைவில் வழங்கியின் நினைவகம் இத்தகைய படிகளால் நிறைந்துவிடும். டைம்அவுட் கட்டளை மூலம் கால வரம்பும், ஃப்ளாக் கட்டளை மூலம் ஒரே நேரத்தில் ஒரு படி மட்டும் இயங்கும் கட்டுப்பாடும் விதிக்கலாம்.

பழுதைக் கண்டறியும் படிகள்

பழுதின் காரணத்தை ஊகிக்கும் முன், எந்தக் கட்டத்தில் அது நிகழ்கிறது என அறிவது பயன் தரும். பின்வரும் வரிசை பொதுவாகக் கடைப்பிடிக்கத்தக்கது.

1. பணி தொடங்கியதா எனப் பார்த்தல். கிரானின் பதிவுக்கோப்பில் உரிய நேரத்திற்கு வரி இல்லையெனில், பழுது வலையமைப்பில் இல்லை. கிரான் நிறுத்தப்பட்டிருக்கலாம், நேர வலயம் மாறியிருக்கலாம் அல்லது அந்நேரத்தில் கணினி அணைந்திருக்கலாம்.

2. வெளியீட்டைக் கோப்பில் சேமித்தல். இயல்பான வெளியீடு, பிழை வெளியீடு ஆகிய இரண்டையும் நேரக் குறிப்புடன் ஒரு பதிவுக்கோப்பில் எழுதுமாறு செய்ய வேண்டும். வெளியீட்டை வெற்றுச் சாதனத்திற்குத் திருப்பிவிடும் பழக்கம் பழுது நீக்கத்திற்கு முதல் எதிரி.

3. சூழல்களை ஒப்பிடுதல். சூழல் மாறிகள் அனைத்தையும் கோப்பில் எழுதும் தற்காலிகப் பணி ஒன்றைக் கிரானில் சேர்த்து, அதே கட்டளையை முனையத்திலும் இயக்கி, இரு கோப்புகளையும் ஒப்பிட வேண்டும். பதிலி வழங்கி, பாத் ஆகியவை தொடர்பான பழுதுகள் இப்படியிலேயே தெரிந்துவிடும்.

4. இணைப்பை அடுக்கடுக்காகச் சோதித்தல். முதலில் உள்ளூர் நுழைவாயில், அடுத்து வெளி ஐபி முகவரி, பின்னர் களப்பெயர், இறுதியாக உரிய சேவை என்ற வரிசையில் சோதனைகளைக் கிரான் வழியாகவே இயக்க வேண்டும். பிங் கட்டளைக்கு விடை வராததை மட்டும் கொண்டு இணைப்பு இல்லை என முடிவு செய்யலாகாது. பல தீச்சுவர்கள் அதனைத் தடுக்கின்றன.

5. முடிவு எண்ணைப் பதிதல். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பி அளிக்கிறது. 0 என்பது வெற்றி; ஏனையவை பழுதின் வகையைச் சுட்டும்.

அடிக்கடி காணப்படும் முடிவு எண்கள்

கர்ல் 5: பதிலி வழங்கியின் பெயரைத் தீர்க்க இயலவில்லை
கர்ல் 6: மறுமுனையின் களப்பெயரைத் தீர்க்க இயலவில்லை
கர்ல் 7: இணைய இயலவில்லை
கர்ல் 28: காலக்கெடு கடந்தது
கர்ல் 60: சான்றிதழைச் சரிபார்க்க இயலவில்லை
டபிள்யூகெட் 4: வலையமைப்புப் பழுது
டபிள்யூகெட் 5: சான்றிதழ்ச் சரிபார்ப்புப் பழுது
எஸ்எஸ்ஹெச் 255: இணைப்பு அல்லது அடையாளப் பழுது
டைம்அவுட் 124: கால வரம்பு முடிந்து கட்டளை நிறுத்தப்பட்டது
ஷெல் 127: கட்டளை காணப்படவில்லை

தேடிய பக்கம் இல்லை என மறுமுனை வழங்கி விடையளித்தாலும், கர்ல் இயல்பிருப்பாக அதனைத் தோல்வியாகக் கொள்வதில்லை. 0 எண்ணையே அளிக்கும். தோல்வியாகக் கொள்ளுமாறு தனி விருப்பம் தர வேண்டும். அப்போது 22 என்னும் எண் கிடைக்கும்.

தடுப்பு முறைகள்

தவறிய பணியை ஈடுசெய்தல்: குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் கிரான் அப்பணியை விட்டுவிடும். அனாக்ரான் என்னும் நிரல், நாள் கணக்கில் தவறிய பணிகளைக் கணினி மீண்டும் இயங்கியவுடன் நிறைவேற்றும். புதிய லினக்ஸ் வழங்கல்களில் உள்ள சிஸ்டம்டி நேரக்கருவிகளும் இவ்வசதியை அளிக்கின்றன; வலையமைப்பு கிடைத்த பின்னரே பணியைத் தொடங்குமாறும் அவற்றில் குறிக்கலாம்.

உள்ளூரில் முதலில் சேமித்தல்: இறக்கிய கோப்பைத் திண்டிவனத்துக் கணினியிலேயே முதலில் எழுதிவிட்டு, அனுப்புதலைத் தனிப் பணியாக வைத்தால், விழுப்புரத்துடன் இணைப்பு அறுந்தாலும் தரவு இழக்கப்படாது. அனுப்பப்படாத கோப்புகள் வரிசையில் காத்திருந்து, இணைப்பு மீண்டதும் செல்லும்.

தற்காலிகப் பெயரில் எழுதுதல்: கோப்பை முதலில் தற்காலிகப் பெயரில் இறக்கி, உள்ளடக்கத்தைச் சரிபார்த்த பின்னரே உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். பாதியில் நின்ற தரவிறக்கம் முந்தைய நல்ல கோப்பை அழித்துவிடுவது இதனால் தவிர்க்கப்படும்.

நேரத்தைப் பரவலாக்குதல்: பெரும்பாலோர் தம் பணிகளை நள்ளிரவு 12 மணிக்கோ, மணி தொடங்கும் முதல் நிமிடத்திலோ குறிக்கின்றனர். அப்போது மறுமுனை வழங்கி நெரிசலுக்கு உள்ளாகிறது. 17, 43 போன்ற நிமிடங்களைத் தேர்ந்தெடுப்பது இருதரப்புக்கும் நன்று.

விளைவைக் கண்காணித்தல்: தோல்வியுற்றால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு, இணைப்பே இல்லாதபோது பயன் தராது, அம்மின்னஞ்சலும் அதே இணைப்பின் வழியாகவே செல்ல வேண்டும். ஆகவே கண்காணிப்பை மறுமுனையில் வைப்பது நன்று. அன்றைய கோப்பு முற்பகல் 11 மணிக்குள் வந்து சேராவிட்டால் விழுப்புரத்துக் கணினி எச்சரிக்கை விடுக்க வேண்டும். செய்தி வராததையே செய்தியாகக் கொள்ளும் இம்முறை, மின்தடை, கடிகாரப் பழுது, அட்டவணைப் பிழை ஆகிய அனைத்தையும், காரணம் இன்னதென அறியாமலேயே வெளிப்படுத்திவிடும்.

முக்கியத்துவம்

தானாக இயங்கும் பணிகளின் மீதான சார்பு ஆண்டுதோறும் மிகுந்து வருகிறது. 2015 இறுதியில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாள் சான்றிதழ்களுடன் தொடங்கியது. இணையதளச் சான்றிதழ்களின் மிகுதியான காலத்தை 2029 மார்ச் 15 முதல் 47 நாட்களாகக் குறைக்க, சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் அடங்கிய மன்றம் 2025இல் முடிவு செய்தது. புதுப்பிக்கும் பணி அமைதியாக நின்றுபோனால், சில வாரங்களிலேயே அத்தளம் பார்வையாளர்களுக்குப் பாதுகாப்பற்றதாகத் தோன்றும்.

காப்புநகலின் நிலையும் இதுவே. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்படும் நகல், வட்டு பழுதான நாளில் தேடும்போது பல மாதங்களுக்கு முந்தையதாக இருப்பது உண்டு. நேரம் குறித்த குறுநிரல் ஒன்றை எழுதும்போது, அது வெற்றி பெறும் வழியுடன், தோற்றால் அது எவருக்கு எப்போது தெரியவரும் என்பதையும் சேர்த்தே வகுப்பது முழுமையான வடிவமைப்பாகும்.